புழு போன வழி

அந்தப் பெண் படத்தை விட்டுவிட்டு அதன் மூலையைப் பார்த்தாள். மரினுஸுக்குப் பொறி தட்டியது அங்கேதான்.

பழைய கடற்கரைப் படம் ஒன்றை மேசையில் விரித்தால் மனிதர்களுக்குக் கண் முதலில் எங்கே போகும்? கரைக்குப் போகும், மணல்திட்டுகளின் புள்ளிக் கூட்டத்துக்குப் போகும், கடலில் செதுக்கிவிட்ட கப்பலுக்குப் போகும், தலைப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற தொப்பைக் குழந்தைகளுக்குப் போகும். இவள் குனிந்து இடது கீழ்மூலையைப் பார்த்தாள். வலது கீழ்மூலையைப் பார்த்தாள். பிறகு தாளைப் புரட்டிப் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள். "ஃபோட்டோ எடுத்துக்கலாமா, மெனேர்?" என்று கேட்டது எடுத்து முடித்த பிறகு.

மரினுஸ் கிளுட் ஃப்ளிஸ்ஸிங்கன் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சிரிக்கிறவன் பெட்டியை முதலில் திற, எரிந்து விழுகிறவன் பெட்டியை அப்புறம் திற, சும்மா நிற்கிறவன் பெட்டியை இரண்டு தடவை திற என்பது அவர் வேலை பார்த்த முறை. வேலை போன பிறகும் புத்தி போகவில்லை. சந்தையில் ஹெர்ரிங் மீன் வாங்கினால் எந்தப் படகில் வந்தது என்று கேட்பார். மருமகன் பிறந்தநாளுக்கு ஏதாவது கொடுத்தால் விலைச்சீட்டைப் பிய்த்த தடம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். தன்னை இதுவரை யாரும் ஏமாற்றியதில்லை என்பதுதான் அவருக்கென்று இருந்த ஒரே சொத்து. வீடு மனைவி டோனாவின் பெயரில் இருந்தது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மிடில்பர்க்கில் ஒரு காப்பிக்கடையின் பின்னறையில் கூடுவார்கள். கரைக்கூட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் செப்புத்தகட்டில் இடவலம் மாற்றிச் செதுக்கி, மை பூசி, அழுத்தி எடுத்த கடற்கரைப் படங்களைத் தேடித் தேடிச் சேர்க்கிற பைத்தியங்கள் ஐந்தாறு பேர். ஆளுக்கு ஒரு காப்பி, பட்டை மணக்கிற ஒரு போலுஸ் ரொட்டி. இரண்டாவது போலுஸ் கேட்டவனை அந்த ஊரில் இரண்டு தலைமுறைக்குப் பேசுவார்கள். ஆளுக்கு ஒரு படம் கொண்டுவந்து காட்டுவார்கள். ஒரே ஒரு விதி உண்டு: ஒரு நேரத்தில் மேசையில் ஒரு படம்தான். அதை உறையில் போட்டு மூடிய பிறகுதான் அடுத்தது வெளியே வரலாம். காப்பி கொட்டினாலும் ஒன்றோடு போகும், ஒருவருடையது இன்னொருவருடையதோடு கலக்காது என்று சொல்லி இந்த விதியைப் போட்டவர் இசாக். ஊரில் பழைய படக்கடை வைத்திருந்தவர், கூட்டத்தை ஆரம்பித்தவரும் அவரே. மரினுஸுக்கு அந்த விதி மிகவும் பிடிக்கும். சுங்கத்திலும் அப்படித்தான், ஒரு நேரத்தில் ஒரு பெட்டி.

அன்றைக்கு மரினுஸ் கொண்டுபோனது அவரிடம் இருந்ததிலேயே நல்ல படம். கட்ஸாண்டிலிருந்து டன்கெர்க் வரைக்குமான ஃபிளாண்டர்ஸ் கரை, ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்டது, இசாக்கிடம் வாங்கியது. நடுவில் மடித்துத் தைத்திருந்த தாள் என்பதால் புழு அரித்த ஓட்டை இடமூலையில் ஒன்றும் அதற்கு நேராக வலமூலையில் ஒன்றுமாக இருந்தது. ஓட்டையைப் பற்றி இவர்களுக்கு வருத்தம் கிடையாது, பெருமைதான். கள்ளப்படம் அடிக்கிறவன் தாளைத் தேநீரில் ஊறவைப்பான், ஓரத்தைக் கிழிப்பான், மடிப்பில் அழுக்குத் தேய்ப்பான். புழுவுக்குச் சொல்லிக்கொடுத்து அரிக்கவைக்க எவனாலும் முடியாது. ஓட்டையைக் காகிதம் ஒட்டி அடைக்கலாமே என்று யாராவது சொன்னால் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் நெல்லா. நாற்பது வயதிருக்கும். எந்த ஊர் என்று கேட்டதற்கு "பக்கந்தான்" என்றாள். என்ன சேர்க்கிறாய் என்று கேட்டதற்கு "இப்பத்தான் ஆரம்பிக்கறேன்" என்றாள். அவள் கிளம்பிப் போனதும் பின்னறையில் பேச்சு அவளைப் பற்றித்தான்.

"பொண்ணு நல்லாத்தானே இருக்கா" என்றார் ஆரி. ஷெல்ட் ஆற்றுமுகத்தில் கப்பல்களை வழிகாட்டிக் கூட்டிவரும் பைலட்டாக இருந்தவர். "நாம எல்லாம் கிழம். ஒரு இளசு வந்தா உங்களுக்கென்ன?"

"நாப்பது வயசு இளசா?" என்றார் மரினுஸ்.

"எனக்கு எழுபத்தாறு. அந்தக் கணக்குக்கு இளசுதான்."

"உன் படத்து மூலையையும்தான் ஃபோட்டோ எடுத்தா. பாத்தியா?"

"மூலையைத்தானே எடுத்தா. என்னை எடுக்கலையேன்னுதான் எனக்கு வருத்தம்."

இசாக் சிரிக்கவில்லை. "யாரு கூட்டிட்டு வந்தது அவளை? எந்த ஊருன்னு யாருக்காவது தெரியுமா?" என்று இரண்டு தரம் கேட்டார். இசாக்கே சந்தேகப்படுகிறான் என்றால் சந்தேகப்பட விஷயம் இருக்கிறது என்று மரினுஸுக்கு ஒரு திருப்தி.

வீட்டுக்கு வந்ததும் டோனாவிடம் சொன்னார். "அவ அளவெடுக்கறா. மூலையில இருக்கற ஓட்டை வரைக்கும் அதே மாதிரி ஒண்ணு தயார் பண்ணி, அடுத்த மாசம் கையில வாங்கிப் பாக்கறேன்னு சொல்லி மாத்திடுவா. எனக்குத் தெரியாதா இந்த வித்தையெல்லாம்?"

"உனக்குத் தெரியாதது என்ன இருக்கு. கல்யாணத்துக்கு முந்தி எங்கம்மா குடுத்த சூப்பையே மோந்து பாத்துட்டுக் குடிச்ச ஆளு நீ."

"அந்த சூப்புல கிராம்பு அதிகம்."

"முப்பது வருஷமா இதே கதை. எங்கம்மா போய்ச் சேந்துட்டா, அந்தக் கிராம்பு இன்னும் போகல."

மரினுஸ் அவளுடைய கேக் சுடுகிற பட்டர் பேப்பரில் ஒரு நீளத்தைக் கிழித்தார். "அது புதுச் சுருள்" என்று டோனா முணுமுணுத்தாள். படத்தின் மேல் பட்டர் பேப்பரை விரித்து, நடு மடிப்பைக் கோடாகப் போட்டார், கீழ்விளிம்பைக் கோடாகப் போட்டார், இரண்டு ஓட்டைகளையும் கூரான பென்சிலால் சுற்றி வரைந்தார். வால் முளைத்த அவரை விதை மாதிரி இருந்தது ஒவ்வொன்றும். இனி அவள் எதை மாற்றிக் கொடுத்தாலும் தாளை மேலே வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கெட்டிக்காரப் புழு என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டார். தன்னையும் கொஞ்சம் பாராட்டிக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு. ஃப்ளிஸ்ஸிங்கனில் ஆரி வீட்டுக்குப் போனார். கோயில் முடிந்து ஆரி அப்போதுதான் வந்திருந்தார்.

"உன் படத்துலயும் ஓட்டை இருக்கு. அதையும் வரைஞ்சு வச்சுக்குவோம்" என்றார் மரினுஸ். "அவ மாத்தினா கையும் களவுமா பிடிக்கலாம்."

ஆரி தன் படத்தை எடுத்து வந்தார். தேம்ஸ் ஆற்றுமுகத்திலிருந்து ஷெல்ட் ஆற்றுமுகம் வரை, லண்டனில் அச்சிட்டது. மரினுஸின் படத்துக்கு எண்பது வருடம் பிந்தியது. மரினுஸ் பட்டர் பேப்பரைப் பிரித்து, வரைந்த பக்கத்தைத் தள்ளிவிட்டு வெற்றுப் பக்கத்தைக் கிழிக்கப் போனார்.

"எதுக்குக் கிழிக்கற? அதே தாள்லயே போடு. உன்னோடது கறுப்புப் பென்சில், என்னோடதைச் சிவப்புல போட்டுக்கலாம்" என்றார் ஆரி. ஸேலண்ட் மாகாணத்துக்காரர்கள் ஆயிரம் கொடுத்துப் படம் வாங்குவார்கள், அரைமுழம் தாளை வீணாக்க மாட்டார்கள்.

மரினுஸ் வரைந்த பக்கத்தை ஆரியின் படத்தின் மேல் வைத்தார். மடிப்புக் கோட்டை மடிப்போடும் விளிம்புக் கோட்டை விளிம்போடும் சேர்த்தார். சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். சிவப்புக்கு அங்கே வேலை இல்லை. கறுப்புக் கோட்டுக்குள்ளேயே ஓட்டை உட்கார்ந்திருந்தது. வால் மட்டும் ஒரு மயிரிழை திரும்பியிருந்தது. வலமூலையிலும் அப்படியே.

"என்ன?" என்றார் ஆரி.

"நீயே பாரு."

ஆரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார். "புழு ஆம்ஸ்டர்டாம்ல ஏறி லண்டன்ல இறங்கியிருக்கும். நல்ல காத்து அடிச்சா ரெண்டு நாள்தான்."

"விளையாடாதே. ரெண்டு தாளும் ஒரே கட்டுல இருந்திருக்கு, ஆரி. எவனோ ஒரு கப்பல்காரன் கைக்குக் கிடைச்ச படத்தையெல்லாம் ஒண்ணாத் தைச்சு வச்சிருக்கான். புழு மேல நுழைஞ்சு அடிவரைக்கும் போயிருக்கு. நீ இதை யாருகிட்ட வாங்கின?"

"இசாக்கிட்டதான். பிரெஸ்கென்ஸ்ல ஒரு மீன்காரர் செத்துப்போயி, அந்தம்மா வித்துச்சாம்."

"என்கிட்ட ஹுல்ஸ்ட்ல ஒரு பல் டாக்டர் வீட்டு மாடின்னு சொன்னான்."

ஆரி உட்கார்ந்துவிட்டார். கட்டைப் பிரித்து விற்பது அந்த வியாபாரத்தில் குற்றமில்லை, நல்ல பழக்கமும் இல்லை. ஆனால் நேர்வழியில் வந்த கட்டுக்கு ஆளுக்கொரு கதை எதற்கு? மேசையில் ஒரு நேரத்தில் ஒரு படம் என்ற விதியும் எதற்கு என்று மரினுஸுக்கு இப்போது விளங்கியது. விளங்கின மாத்திரத்தில் முகமெல்லாம் சுட்டது. இத்தனை வருடம் அந்த விதியைப் பாராட்டிப் பேசியவர் அவர்தான்.

திங்கட்கிழமை காலை இசாக்கின் கடைக்குப் போனார். இசாக் படத்துக்குச் சட்டமாக வைக்கிற அட்டையை வெட்டிக்கொண்டிருந்தார். மரினுஸ் பட்டர் பேப்பரை மேசைமேல் வைத்தார். இசாக் அதைத் தொடக்கூட இல்லை. கத்தியை மட்டும் கீழே வைத்தார்.

"அந்தப் பொண்ணு யாருன்னு உனக்குத் தெரிஞ்சுபோச்சா?" என்று கேட்டார்.

"தெரியாது. நீ சொல்லு."

"நான் விசாரிச்சுட்டேன். கப்பெல்டாம் கிரைனோட மக. நகரசபையில பழைய காகித அறையைப் பாத்துக்கிட்டிருந்தாரே, அந்தக் கிரைன். ஒரு கட்டு காணாமப்போச்சு. அட்டை மட்டும் அலமாரியில நின்னுச்சு, உள்ள பழைய செய்தித்தாள். ரொம்ப நாள் கழிச்சுத்தான் எவனோ தொறந்து பாத்திருக்கான். சாவி அவருகிட்டதானே இருந்துச்சு. ஊருக்குக் கெட்ட பேரு வேண்டாம்னு சத்தமில்லாம வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

கப்பெல்டாமுக்கு இசாக்கோடு ஒரு தடவை போன ஞாபகம் மரினுஸுக்கு மங்கலாக இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில் அப்படி எத்தனையோ ஊர்க் காகித அறைகளுக்குப் போயிருந்தார்கள்.

"நீதான் எடுத்தியா?"

இசாக் வெட்டின அட்டையை ஓரமாக நகர்த்தினார். "நீ மீனுக்குப் படகு பேரு கேக்கற ஆளு. என்கிட்ட வாங்கின படத்துக்கு எங்கேயிருந்து வந்துச்சுன்னு ஒரு நாளாவது காகிதம் கேட்டியா? அந்தப் பல் டாக்டர் பேரு என்னன்னு கேட்டியா?"

"உன்னை நம்பினேன், இசாக்."

"இல்ல. உனக்கு அந்தப் படம் வேணும்னு இருந்துச்சு. நம்பறது வேற, வேணும்னு இருக்கறது வேற."

அறைந்த மாதிரி இருந்தது மரினுஸுக்கு. அது பொய் இல்லை. பல் டாக்டரின் பெயரைக் கேட்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. கேட்டால் படம் கைநழுவிப் போகுமோ என்று பயந்து கேட்கவில்லை. இருபது வருட சிநேகிதனை இப்போது திருடனாகப் பார்ப்பதைவிட அந்தப் பயத்தை நினைப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"நான் அவகிட்டப் போறேன்" என்றார்.

"போகாதே. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மிரட்டுகிறான் என்று மரினுஸ் நினைத்துக்கொண்டார். கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தார்.

அன்று பிற்பகலே படத்தை உறையோடு எடுத்துக்கொண்டு கப்பெல்டாமுக்குக் காரில் போனார். கிரைனின் வீட்டைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தெருவில் எல்லா வீட்டு ஜன்னலும் திறந்து கிடக்க, உள்ளே நாற்காலியும் பூச்சாடியும் போகிற வருகிறவர்களுக்குத் தெரிய, ஒரே ஒரு வீட்டில் திரை இழுத்து மூடியிருந்தது. பட்டப்பகலில் திரை மூடியிருந்தால் அந்த ஊரில் அது சாவு வீடு, இல்லையென்றால் தலைகுனிந்த வீடு.

கதவைத் திறந்தவள் நெல்லா. அவரைப் பார்த்ததும் கதவைப் பாதி சாத்தினாள்.

"வீட்டை யாரு காட்டினாங்க?"

"இசாக் சொன்னான், உங்கப்பா யாருன்னு. இந்தாம்மா, இதைக் குடுக்கத்தான் வந்தேன்."

"எதுக்கு இப்பக் குடுக்கறீங்க? இத்தனை வருஷம் வச்சிருந்துட்டு?"

"நேத்துத்தான் தெரிஞ்சுது."

"நேத்துதானா" என்றாள். நம்பவில்லை என்பதை மறைக்கவும் இல்லை. மரினுஸ் வேலையில் இருந்தபோது ஆயிரம் பேரிடம் இதே குரலில் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். எதிர்ப்பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று அதுவரை தெரிந்திருக்கவில்லை. நெல்லா சமையலறை மேசையில் படத்தை விரித்து, கட்டின் அட்டையை உள்ளபடி அளவில் எடுத்திருந்த பிரதியை மூலையோடு மூலை சேர்த்து வைத்தாள். அட்டையில் புழு வெளியே வந்த ஓட்டை இருந்தது. பொருந்தியது. "அப்பா!" என்று கத்தினாள் அவள்.

அந்தச் சத்தத்துக்கு உள்ளறையிலிருந்து கிரைன் வந்தார். மெலிந்த மனிதர், வீட்டுச் செருப்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிச் சட்டை. மகள் படத்தைக் காட்டினாள். அவர் அதைக் கவனிக்காமல் மரினுஸையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஈல் மீனைப் பத்திப் பேசினீங்க" என்றார்.

"எந்த ஈல் மீன்?"

"மதகுல ஈல் எப்படி ஏறி வருதுன்னு கேட்டீங்க. நான் ஜன்னல்கிட்டக் கூட்டிட்டுப் போயி வாய்க்காலைக் காட்டினேன். நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க. வலை எப்படிக் கட்டுவாங்க, நிலா இல்லாத நாள்ல எவ்வளவு வரும், எல்லாம் கேட்டீங்க. அந்த அறைக்கு வந்தவங்கள்ல யாரும் என்கிட்ட அவ்வளவு நேரம் பேசினதில்ல. உங்ககூட வந்தவர் மேசையில தனியா உக்காந்திருந்தார்."

மரினுஸுக்கு எல்லாம் திரும்பி வந்தது. போகிற வழியில் காரில் இசாக் சொன்னது: அந்தக் காகித அறைக்காரர் ஈல் மீன் பைத்தியம், பேச்சுக் குடுத்துப் பாரு, விடவே மாட்டார், நல்ல வேடிக்கை. வேடிக்கையாகத்தான் இருந்தது. ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாய்க்காலைப் பார்த்தபடி கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டு நின்றது அவர்தான். பின்னால் காகிதம் சரசரத்ததுகூடக் காதில் விழுந்தது. பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்த சுங்க அதிகாரி அன்றைக்குத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நெல்லா" என்றார் கிரைன். அவர் குரல் ஏறியது. "நான் சொன்னேன்ல, ரெண்டு பேரு வந்தாங்கன்னு. ஒருத்தர் பேசினார், ஒருத்தர் உக்காந்திருந்தார்னு. நகரசபையில சொன்னேன். நானா இட்டுக்கட்டறேன்னு சொன்னாங்க. இதோ நிக்கறார் பாரு."

நெல்லா தரையைப் பார்த்தாள். அப்பா திருடவில்லை என்று நிரூபிக்க ஊர் ஊராகப் போய்த் தேடியவள், அந்த இரண்டு பேர் கதையை மட்டும் அவளும் நம்பியிருக்கவில்லை. அது அவள் முகத்திலேயே தெரிந்தது. கிரைனும் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு மரினுஸ் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்க வந்து சொல்வீங்களா? நகரசபையில? வந்திருந்தேன்னு சொன்னாப் போதும்."

போதாது என்று மரினுஸுக்குத் தெரியும். வந்திருந்தேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி, அப்புறம் அந்தப் படம் உங்க கைக்கு எப்படி வந்துச்சு என்பது. அவரே கேட்டிருப்பார். என்ன பதில் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார். இசாக் எதற்குப் போகாதே என்றான் என்பது இப்போது புரிந்தது. ஒரு நிமிடம் காரின் சாவியைச் சட்டைப்பைக்குள் தடவிக்கொண்டு நின்றார்.

"சொல்றேன்" என்றார். "நான்தான் பேச்சுக் குடுத்தேன்னு சொல்றேன். என்னை ஏமாத்திட்டான்னும் சொல்றேன். நம்ப மாட்டாங்க."

"நம்ப மாட்டாங்க" என்று கிரைனும் ஒத்துக்கொண்டார். "மொதல் ஒரு வருஷம்தான் தூக்கம் வராது. அப்புறம் பழகிடும். உக்காருங்க, காப்பி போடறேன்."

மரினுஸ் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார்.